சாட்சி ஒருவர்தான் என்றால் உயில் செல்லுமா? வீடு யாருக்கு?

கேள்வி: அப்பா மதுரையில் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டை எனக்கென்று உயில் எழுதிவிட்டு, சென்ற ஆண்டு காலமானார். உயிலைப் பதிவு செய்யவில்லை, சாட்சியும் ஒருவர்தான். அம்மா, அப்பாவின் அம்மா, திருமணமான தங்கை இருக்கிறார்கள். அண்ணன் முன்பே இறந்துவிட்டார். அவருக்கு மனைவியும் பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகளும் உண்டு. வீடு எனக்கு வருமா?

பதில்: பதிவு செய்யாதது ஒரு குறையே அல்ல. சாட்சிதான் சிக்கல். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவு குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும் என்கிறது. ஆகவே இந்த உயில் செல்லாது.

நீங்கள் இந்துக் குடும்பம் என்றால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். வீடு ஐந்து சம பங்காகும்: அம்மா, பாட்டி, நீங்கள், தங்கை ஆகியோருக்கு ஆளுக்கு ஒன்று, அண்ணன் கிளைக்கு ஒன்று. அந்த ஒன்றை அண்ணியும் இரு பிள்ளைகளும் பிரித்துக்கொள்வதால் ஆளுக்கு 15-இல் ஒரு பங்கு. தங்கைக்கு நகை, சீர் செய்தாயிற்று என்பதால் அவர் பங்கு குறையாது. (பூர்வீகச் சொத்தாக இருந்தால் கணக்கு வேறு.)

பெரும்பாலான வீடுகளில் மறந்துபோவது பாட்டியைத்தான். தாத்தா இருந்திருந்தால்கூட அவருக்குப் பங்கு வராது. இறந்தவரின் தாய் முதல் வகுப்பு வாரிசு, தந்தை இரண்டாம் வகுப்பு; முதல் வகுப்பில் யாரும் இல்லாதபோதுதான் இரண்டாம் வகுப்புக்குப் பங்கு. பாட்டி உயில் எழுதாமல் காலமானால் அவருடைய ஐந்தில் ஒரு பங்கு உங்கள் அத்தை, சித்தப்பா கைக்கும் போகும். அதில் உங்கள் அம்மாவுக்கு எதுவும் வராது. அப்பாவின் பிள்ளைகளுக்குத்தான் ஒரு பகுதி வரும். தன் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுக்கப் பாட்டிக்கு மனமிருந்தால், அவர் தெளிவாக இருக்கும்போதே அப்படி விட்டுக்கொடுப்பதற்கான விடுதலைப் பத்திரத்தை எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். வெள்ளைத்தாளில் வாங்கும் கையெழுத்து எதற்கும் உதவாது.

முதலில் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து, தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். பாட்டி, அண்ணி, பிள்ளைகள் பெயர் விடுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அது வாரிசுகள் யார் என்று காட்டும் சான்று மட்டுமே, உரிமைப் பத்திரம் அல்ல. பிறகு பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ பதிவு செய்து, அதைக் கொண்டு பட்டா மாற்றலாம்.

அண்ணன் பிள்ளைகளின் பங்கில் கவனம் தேவை. நீதிமன்ற அனுமதி இல்லாமல் அண்ணி அவர்களுக்காக விடுதலை எழுதித் தந்தால், 18 வயதுக்குப் பின் மூன்று ஆண்டுகளுக்குள் அவர்கள் அதை ரத்து செய்யக் கோரலாம். வீட்டை வாங்க வருபவரின் வக்கீல் முதலில் தேடுவதும் இதைத்தான். விற்கும் அவசரம் இல்லையென்றால், பிள்ளைகள் இருவரும் மேஜராகும்வரை அந்தப் பங்கைத் தொடாமல் விடுவதே நல்லது.