அப்பாவின் காசைத் துலக்கலாமா?

கேள்வி: அப்பா காலமான பிறகு அவருடைய நாணயத் தொகுப்பு என்னிடம் வந்தது. சிறு வயதிலிருந்து நான் சேர்த்தவையும் அதோடு இருக்கின்றன. ஒரு நாணய வியாபாரியிடம் காட்டினேன். எனக்கு மிகவும் பிடித்த ஐந்தாறு காசுகளைத்தான் அவர் முதலில் ஒதுக்கித் தள்ளினார்: அப்பா சட்டைப்பையிலேயே வைத்திருந்து எழுத்து மழுங்கிப்போனது, கறுத்துப்போன வெள்ளிக்காசு, யாரோ துளையிட்ட செப்புக்காசு. எல்லாவற்றையும் விற்றுப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறான் தம்பி. வெள்ளிக்காசைப் பளபளப்பாக்கி டாலராகப் போட்டுக்கொள்ள மகளுக்கு ஆசை. விலைபோகாத காசுகளைக் கட்டிக்காப்பது அசட்டுத்தனமா? வைத்திருப்பதென்றால் எப்படிப் பாதுகாப்பது?
– ஒரு வாசகி

பதில்: அசட்டுத்தனம் இல்லவே இல்லை. அதே சமயம், வியாபாரி சொன்னதிலும் தவறில்லை. எத்தனை காசுகள் மிஞ்சியிருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன, வாங்க ஆள் உண்டா என்பதுதான் அவருடைய கணக்கு. அதில் தேய்மானமும் துளையும் குறைகள். ஆனால் லட்சக்கணக்கில் ஒரே மாதிரி அச்சான காசுகளிலிருந்து உங்கள் அப்பாவுடையதைப் பிரித்துக் காட்டுவது அந்தத் தேய்மானம் ஒன்றுதான். 1797இல் வெளியான பிரிட்டனின் கனமான செப்புப் பென்னிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட இருந்த கைதிகள் பலர் இவற்றைப் போன்ற காசுகளின் முகத்தை வழவழவென்று தேய்த்துவிட்டு, பிரியப்போகிறவர்களின் பெயரையும் இரண்டு வரியையும் பொறித்துக் கொடுத்தார்கள். நாணயமாகப் பார்த்தால் அவை பாழ். ஆனால் அப்படிப்பட்ட முந்நூறுக்கும் மேற்பட்ட காசுகளை ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகம் இன்று பாதுகாத்து வைத்திருக்கிறது.

முதலில் எவை உண்மையிலேயே பிடித்தவை என்று முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு காசையும் எடுத்து, 'இது தொலைந்துபோய், இதே வகையில் இதே வருடத்துக் காசு வேறொன்று கிடைத்தால் மனம் ஆறுமா?' என்று கேட்டுப் பாருங்கள். ஆறும் என்றால் அது தொகுப்பில் ஒரு காசு, அவ்வளவுதான். ஆறாது என்றால் தனியே எடுத்து வையுங்கள். எல்லாமே பிடித்தவை என்று வைத்துக்கொண்டால் எதையும் சரியாகக் கவனிக்க முடியாது.

அடுத்தது, துலக்கவே துலக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. வெள்ளியின் கறுப்பு அழுக்கு அல்ல. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி வினைபுரிந்து உண்டான வெள்ளி சல்பைடு படலம் அது. அதைப் போக்கினால் கூடவே கொஞ்சம் வெள்ளியும் போகும். பற்பசை நுண்ணிய கீறல்களைப் போடும். புளியும் எலுமிச்சையும் செம்பின் மேல்தோலைக் கரைத்து இயற்கையல்லாத ஓர் இளஞ்சிவப்பை விட்டுச்செல்லும். 'டிப்' என்று விற்கும் திரவங்கள் ஒரு நொடியில் கறுப்பை எடுத்துவிடும், ஆனால் அச்சின்போது உண்டான நுண்வரிகளும் அரிக்கப்பட்டுக் காசு செத்த வெண்மையாகிவிடும். போனது திரும்பாது.

ஆனால் ஒரு வகைப் பச்சையை மட்டும் கண்டும் காணாமல் விட்டுவிடக் கூடாது. துளையுள்ள செப்புக்காசை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வழவழப்பாக, கெட்டியாக, காசோடு ஒட்டியிருக்கும் பச்சையோ பழுப்போ ஆபத்தில்லை. வெளிர்பச்சைப் புள்ளிகளாக இருந்து, பல்குத்தும் குச்சியால் மெல்லத் தொட்டாலே தூளாக உதிர்ந்தால், அது குளோரைடு அரிப்பு. ஈரப்பதம் இருக்கும்வரை உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். அந்தக் காசை உடனே மற்றவற்றிடமிருந்து பிரித்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடும் டப்பாவில் வைத்துவிட்டு, உலோகப் பொருள் பாதுகாப்பு வல்லுநர் ஒருவரிடம் காட்டுங்கள்.

அப்பா எதில் வைத்திருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. மெத்தென்ற, வாடை வீசும் பிளாஸ்டிக் பைகள் கொண்ட பழைய ஆல்பம் என்றால் அது பெரும்பாலும் பிவிசி. அதை மிருதுவாக்கச் சேர்க்கும் பொருள் மெல்லக் கசிந்து காசின்மேல் பிசுபிசுப்பான பச்சைப் படலமாகப் படியும். பிவிசி சிதையும்போது வெளிவரும் அமிலம் உலோகத்தையும் அரிக்கும். இந்தப் பிசுக்கை மட்டும் எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். சுத்தமான அசிட்டோன் வாங்குங்கள். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். சன்னலைத் திறந்து, அருகில் தீ இல்லாமல் பார்த்துக்கொண்டு, கண்ணாடிக் கிண்ணத்தில் காசு மூழ்க ஊற்றுங்கள். பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம், சில வகைகள் கரைந்து புதுப் பிசுக்கை உண்டாக்கிவிடும். பத்து நிமிடம் கழித்து வேறு கிண்ணத்தில் புது அசிட்டோனில் அலசுங்கள். தேய்க்காமல், துணிமேல் வைத்துத் தானாக உலரவிடுங்கள். எனாமல் பூசிய, வண்ணம் தீட்டிய காசுகளுக்கு இந்த முறை ஆகாது.

புது உறை பாலியஸ்டரோ பாலிப்ரொப்பிலீனோ ஆக இருக்கட்டும். பிடித்த ஐந்தாறுக்குக் கெட்டியான அக்ரிலிக் கேப்ஸ்யூல் நல்லது. விட்டத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்து அதற்குப் பொருந்துவதாகவே வாங்குங்கள், தளர்வாக இருந்தால் ஆடி ஆடி விளிம்பு தேயும். ரப்பர் பேண்ட் மட்டும் பக்கத்திலேயே வேண்டாம், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். சாதாரண அட்டைப்பெட்டியும் அப்படித்தான்.

இனி முக்கியமானது. காசு பிழைத்துவிடும், அதன் கதைதான் ஒரு தலைமுறையில் அழிந்துபோகும். ஒவ்வொரு காசுக்கும் ஓர் எண் கொடுத்து, அமிலமற்ற அட்டையில் பென்சிலால் எழுதுங்கள். யாரிடமிருந்து வந்தது, எப்போது, எங்கே, உங்களுக்கு இதைச் சொன்னது யார் என எல்லாம் இருக்கட்டும். நீங்கள் கண்ணால் பார்த்ததையும், கேட்டதையும், ஊகித்ததையும் தனித்தனி வரிகளில் எழுதுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஊகம் பேரப்பிள்ளைகளுக்கு வரலாறாகிவிடும். கூடவே காசின் அடையாளமும் வேண்டும்: 0.01 கிராம் வரை காட்டும் தராசில் எடை, விட்டம், 'தலைப்பக்கம், கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் இடத்தில் சிறு வெட்டு' என்பது போன்ற ஒரு குறிப்பு. பக்கவாட்டு வெளிச்சத்தில் இரு பக்கமும் விளிம்பும் தெரியப் படமெடுங்கள். பத்துக் காசுகள் கலந்துவிட்டாலும் அந்த நாலு மணி வெட்டு உங்கள் அப்பாவுடையதைக் காட்டிக்கொடுக்கும். காசு உறைக்குள் இருக்கும்போது உறைமேல் எழுதாதீர்கள், பேனா முனையின் அழுத்தம் மென்மையான உலோகத்தில் பதியக்கூடும்.

மகளின் ஆசைக்கும் வழி உண்டு. கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும். புதிதாகத் துளையிடவோ பற்றவைக்கவோ கூடாது, சூடு பட்டால் மேற்பரப்பு மாறிவிடும். காசின் விளிம்பைச் சுற்றிப் பிடித்து, திருகாணியால் மூடும் வளையச் சட்டம் நகைக்கடைகளில் கிடைக்கும். வியர்வை உப்பு என்பதால் குளிக்கும்போதும் உடற்பயிற்சியின்போதும் கழற்றிவிடச் சொல்லுங்கள். மழுங்கிய காசை நீங்களே பையில் வைத்துக்கொள்ளலாமா என்றால், தேய்மானத்துக்குப் பயப்பட வேண்டாம், அது மிக மெதுவாக நடப்பது. தொலைவதுதான் பயம். பொத்தான் வைத்த உள்பை இல்லையென்றால் வீட்டிலேயே இருக்கட்டும்.

தம்பி சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். மற்ற காசுகளை விற்றுப் பிரித்துக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால் விலை பேசுமுன் அவரையும் உட்காரவைத்து, அவருக்கு நினைவிருக்கும் காசுகள் எவை என்று கேட்டு, அவற்றையும் தனியே எடுத்து அட்டை எழுதிவிடுங்கள். பிறகு மீதியை மட்டும் கடைக்குக் கொண்டுபோங்கள். எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டுபோய் மேசைமேல் கொட்டினால், மொத்தமாக விலை பேசும் வேகத்தில் ஒன்றிரண்டு கைமாறிப்போகும்.