எந்தச் சிறுகதை படமாகும்? கேள்வி பதில்

மும்பையில் படக் கம்பெனிகளுக்குக் கதை படித்து, தேறுமா தேறாதா என்று சொல்வது என் பிழைப்பு. இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் குறும்படம் எடுக்கக் கிளம்பியிருக்கும் நம் பிள்ளைகளிடமிருந்து.

மாட்டுங்காவிலிருந்து ஒருவர்: நண்பர் எழுதிய கதை. மனைவியை இழந்த, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் தினமும் சாயங்காலம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து பழசை நினைக்கிறார். படித்த எல்லோரும் அழுதார்கள். எடுக்கலாமா சார்?

நீங்கள் அனுப்பிய பிரதியைப் படித்தேன். எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அழவைத்தது உங்கள் நண்பரின் நடை. கேமராவை வைத்தால் பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

நான் பென்சிலை எடுத்து 'நினைத்தார்', 'தோன்றியது', 'மனம் கனத்தது' என்று வரும் வரிகளையெல்லாம் அடித்துவிடுவேன். பன்னிரண்டு பக்கத்தில் முக்கால் பக்கம் மிஞ்சியது. அந்த முக்கால் பக்கத்துக்குள் ஒரு வரி: மனைவி போய் எட்டு மாதம் ஆகியும், அவள் பெயரில் ரயில் பாஸைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார். நண்பர் அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டுத் திரும்ப பெஞ்சுக்குப் போய்விட்டார். படம் அங்கேதான் இருக்கிறது. துவைக்கப் போடும் சட்டைப் பையை மகள் துழாவுகிறாள். இரண்டு பாஸ். ஒன்றில் அம்மா பெயர், தேதி முந்தாநாள். அவள் அதைத் திரும்ப அதே பையில் வைக்கிறாளா, அப்பாவிடம் கேட்கிறாளா? இதை வைத்துப் பத்து நிமிஷம் தாராளமாக ஓட்டலாம், வசனமே இல்லாமல்கூட.

இன்னொன்று. ஸ்டேஷனிலும் ரயிலிலும் ஷூட் பண்ண ரயில்வேயிடம் அனுமதி வாங்கிக் கட்டணம் கட்ட வேண்டும். துணி துவைக்கும் இடத்துக்கு யாரும் கட்டணம் கேட்க மாட்டார்கள்.

செம்பூர் வாசகி: எனக்குப் பிடித்த கதைகள் எல்லாம் திருநெல்வேலிப் பக்கம் நடக்கின்றன. மும்பைக்கு மாற்றினால் கெட்டுவிடுமா?

கதையைப் பொறுத்தது. மன்னு பண்டாரியின் இந்திக் கதை 'யஹீ சச் ஹை' கான்பூரிலும் கல்கத்தாவிலும் நடப்பது. பாசு சட்டர்ஜி 1974-இல் 'ரஜனிகந்தா' எடுத்தபோது அதை டெல்லிக்கும் பம்பாய்க்கும் கொண்டுபோய்விட்டார். ஒன்றும் குறையவில்லை. இந்த ஊரில் ஒருவன், அந்த ஊரில் ஒருவன், நடுவில் ஒரு பெண், அவளை ஏற்றிப்போக ஒரு ரயில். அந்தக் கதைக்குத் தேவை இரண்டு ஊர்களும் நடுவில் தூரமும்தான்.

மழை பொய்த்ததால் ஆட்டை விற்கிற கதையை இங்கே கொண்டுவர முடியாது. இங்கே ஜூலையில் முழங்கால் தண்ணீரில் நடக்கிறோம்! ஊரை எடுத்துவிட்டால் நடப்பதற்குக் காரணமே போய்விடுகிறதா என்று பாருங்கள். போகிறதென்றால் அந்தக் கதையை விட்டுவிடுங்கள்.

தானேயிலிருந்து: முடிவை மாற்றலாமா? மூலக்கதைக்குத் துரோகம் ஆகாதா?

பிரேம்சந்தின் சதுரங்கக் கதையில் இரண்டு பிரபுக்களும் கடைசியில் வாளால் வெட்டிக்கொண்டு சாகிறார்கள். சத்யஜித் ராய் 1977-இல் அதைப் படமாக எடுத்தபோது அவர்களைச் சாகவிடவில்லை, மறுபடி ஆட உட்காரவைத்தார். ஆங்கிலேயரிடம் தங்கள் ராஜ்யம் பறிபோன அன்றைக்கும் காய் நகர்த்துகிறவர்கள் என்பது எனக்கு இன்னும் கூசுகிறது. மாற்றுங்கள். ஆனால் எழுத்தாளர் உயிரோடு இருந்தால் அவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

தாராவியிலிருந்து ஒரு தம்பி: ஆறு பக்கக் கதை இரண்டு மணி நேரம் தாங்குமா அண்ணா?

தாங்கும் தம்பி. ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' சின்னக் கதைதான், 2008-இல் 'பூ' என்ற முழுநீளப் படமானது. நாவல் என்றால் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும், சிறுகதையில் நமக்கு இடம் கிடைக்கும். கதை தொடங்குவதற்கு முந்தின வருஷம் இவர்கள் எப்படி இருந்தார்கள் என்று யோசித்துப் பார். யோசிக்கப் பொருள் கிடைத்தால் தாங்கும்.

முலுண்டிலிருந்து: எழுத்தாளர் இறந்து இருபது வருடம் ஆகிறது. யாரிடம் கேட்பது? 'தாராளமாகப் பண்ணுங்க' என்று போனில் சொன்னால் போதாதா?

போதாது. பதிப்புரிமை, எழுத்தாளர் இறந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. புதுமைப்பித்தன் 1948-இல் போனார், அவருக்கு அந்த 60 ஆண்டுக் கணக்கு 2008-உடன் முடிகிறது. உங்கள் எழுத்தாளருக்கு இன்னும் நாற்பது வருடம் பாக்கி. வாரிசுகளைத் தேடிப் பிடியுங்கள், எத்தனை வாரிசு என்றும் கேளுங்கள். ஒரு தடவை மூத்த மகனிடம் மட்டும் கையெழுத்து வாங்கிவிட்டு நாங்கள் ஷெட்யூல் போட்டோம். அப்புறம் கோயம்புத்தூரிலிருந்து தங்கை போன் பண்ணினார். படம் நின்றுபோனது.

ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் சட்டப்படி ஐந்து வருடம்தான். வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகிவிடும். எழுதி முடித்த திரைக்கதையை அந்தேரியில் எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்வது நல்லதுதான். ஆனால் மூலக்கதையின் உரிமை அதனால் உங்கள் கைக்கு வந்துவிடாது.

மீண்டும் செம்பூர் வாசகி: பாத்திரத்தின் நினைப்பைப் பின்னணிக் குரலாகச் சொல்லும் வாய்ஸ் ஓவர் வைக்கலாமா?

முதலில் அது இல்லாமல் எழுதிக் காட்டுங்கள்.