பார்கோடும் பொங்கல் பானையும்: ஒரு சனிக்கிழமைக் கேள்வி பதில்

மூன்று வாரம் சிங்கப்பூரில் எங்கள் சபையில் 'விசுவாசியும் ஊடகமும்' வகுப்பு எடுத்தேன். நேரம் இல்லாமல் நின்றுபோன கேள்விகளுக்கு இன்று இரவு எட்டு மணியிலிருந்து பதில் எழுதுகிறேன். பத்தரைக்கு முடித்துவிடுவேன். ஞானஸ்நானம், தசமபாகம், பெண் பார்ப்பது பற்றியெல்லாம் போதகரிடம் கேளுங்கள். நான் முப்பது வருடம் செய்தி மேசையில் பிழை திருத்தியவன், அவ்வளவுதான். பெயர் வேண்டாம், வட்டாரம் போதும்.

உட்லண்ட்ஸ்: ஐயா, தேர்தல் வந்தால் இன்ன கட்சிக்குப் போடுங்கள் என்று போதகர் பிரசங்கத்தில் சொல்லலாமா? அமெரிக்காவில் சொல்கிறார்களே?

அங்கேயும் 1954இல் வந்த ஜான்சன் திருத்தப்படி வரிவிலக்கு பெற்ற சபை வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது. அதை எத்தனை பேர் மதித்தார்கள் என்பது வேறு கதை. இங்கே நமக்கு 1990இல் நிறைவேறிய சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. சமயத்தைப் பரப்புகிறேன் என்ற பெயரில் ஒரு கட்சிக்காகவோ அரசியல் நோக்கத்துக்காகவோ வேலை செய்யும் சமயத் தலைவருக்கு அமைச்சர் தடையுத்தரவு போடலாம். 2019இல் சட்டத்தைத் திருத்தியபோது, அதுவரை ஒருமுறைகூட அப்படி உத்தரவு போட்டதில்லை என்றார்கள். போடாமலே வேலை செய்கிற சட்டம் அது.

ஆனால் சட்டத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. 2009ஐ நினைத்துப் பாருங்கள். அவேர் என்ற பெண்கள் அமைப்பின் செயற்குழுவில் மார்ச் மாதம் புதியவர்கள் பெரும்பான்மையாக வந்தார்கள். அவர்களில் பலர் ஒரே சபைக்காரர்கள் என்று பிறகு தெரிந்தது. அவர்களுக்குத் துணை நிற்கச் சொல்லி அந்தச் சபையின் பிரசங்க மேடையிலிருந்தே குரல் வந்தது. தேசிய தேவாலயங்கள் மன்றம், சபைகள் இதில் இறங்குவதை ஏற்கவில்லை என்று அறிக்கை விட்டது. மே 2ஆம் தேதி சன்டெக்கில் கூடிய கூட்டத்தில் 1,414க்கு 761 என்ற கணக்கில் அந்தக் குழு தோற்றது. குரல் கொடுத்த போதகரும் வருத்தம் தெரிவித்தார். அவேர் பள்ளியில் பிள்ளைகளுக்கு என்ன பாலியல் கல்வி தருகிறது என்ற நியாயமான கேள்வியும் அந்தக் கூச்சலில் காணாமல் போனது. எனக்கு அதுதான் ஆற்றாமை. குடிமகளாக எழுந்து நின்று கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும்.

இன்னொன்று. 2016இல் அமெரிக்க வெள்ளையரில் இவாஞ்சலிக்கல், அதாவது வேதத்தையும் மனமாற்றத்தையும் முதன்மையாக வைக்கும் புராட்டஸ்டன்ட் வாக்காளர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ட்ரம்புக்குப் போட்டார்கள். அதே வேதத்தை அதே உறுதியோடு பிடித்திருக்கும் கறுப்பினச் சபையாரில் பெரும்பாலோர் அவரை எதிர்த்த ஜனநாயகக் கட்சிக்குப் போட்டார்கள். ஒரே வேதம்தான் படித்தார்கள், பிழைப்பும் வரலாறும் வேறு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு 'உண்மை விசுவாசி இந்தக் கட்சிதான்' என்ற காணொளியை எனக்கு அனுப்பாதீர்கள்.

செங்காங்: எங்கள் கூட்டத்துக்குப் பொருளாளராக வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் சகோதரரைப் போடலாமா? கணக்கில் கெட்டி.

கெட்டிதான், ஆனால் முடியாது. மேலே சொன்ன சமய நல்லிணக்கச் சட்டத்தில் 2022 நவம்பரில் நடப்புக்கு வந்த திருத்தப்படி தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை குடிமக்கள். வெளிநாட்டிலிருந்து ஒரே தடவையாகப் பத்தாயிரம் வெள்ளியோ அதற்கு மேலோ நன்கொடை வந்தால் தெரிவிக்க வேண்டும். அந்தச் சகோதரரைப் பொருளாளருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

பிடோக்: பார்கோடில் 666, வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகத்தின் எண், ஒளிந்திருக்கிறது என்று ஒரு காணொளி. இரண்டு ஓரத்திலும் நடுவிலும் நீளமான கோடுகள், மூன்றும் ஆறு என்கிறார்கள். பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது ஐயா.

மைலோ பாக்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நான் இப்போது பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஓரத்தில் நீளமாக இறங்கும் இரண்டு மெல்லிய கோடுகள், நடுவே ஒரு மெல்லிய இடைவெளி. அது எண் இல்லை. 'இங்கே ஆரம்பம், இங்கே முடிவு' என்று கருவிக்குச் சொல்லும் அடையாளம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஏழு பங்கு அகலம் உண்டு. வலப்பாதியில் ஆறு என்பது இரண்டு மெல்லிய கோடுகளும் அதற்குப் பின் நான்கு பங்கு வெள்ளையும். கண்ணுக்கு அந்த இரண்டு கோடுதான் தெரியும், வெள்ளை தெரியாது. காணொளிக்காரர் வெள்ளையை எண்ணவில்லை. நடுவில் இருப்பதற்கோ இரண்டு பக்கமும் வெள்ளை உண்டு.

அப்புறம், சிங்கப்பூரில் பார்கோடு எண் வாங்கிய நிறுவனம் என்றால் அந்த எண் 888 என்றுதான் தொடங்கும். அதைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை, சந்தோஷப்படுகிறவர்கள்தான் இருக்கிறார்கள்.

கடையில் முதன்முதலில் பார்கோடு வருடிய பொருள் ஒரு சூயிங்கம் பொட்டலம். 1974 ஜூன் 26, ஒஹாயோ மாநிலம். அடுத்த மாதமே சுவிட்சர்லாந்தின் லோசானில் சுமார் 150 நாட்டு இவாஞ்சலிக்கல் தலைவர்கள் கூடினார்கள். நற்செய்தி, கலாசாரம், சமூகப் பொறுப்பு என்று உடன்படிக்கை எழுதினார்கள். பார்கோடு வதந்தி நம்மில் எல்லாருக்கும் தெரியும். லோசான் உடன்படிக்கையை எத்தனை பேர் படித்தோம்?

வெளிப்படுத்தின விசேஷம் 13இல் மிருகத்தின் முத்திரை வணக்கத்தோடு சம்பந்தப்பட்டது. யாரை வணங்குகிறாய் என்பதே அங்கே கேள்வி. சில பழைய பிரதிகளில் அந்த எண் 616 என்றே இருக்கிறது. அனுப்புமுன் படியுங்கள். படிக்க நேரமில்லையா, அனுப்பவும் நேரமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங் மோ கியோ: மகளுக்குப் பதினான்கு. தோழிகளோடு படத்துக்குப் போகக் கேட்கிறாள். எதைப் பார்க்க விடலாம்?

பிஜி13 என்ற தணிக்கைக் குறி, பதின்மூன்றுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத்தான் பெற்றோர் யோசித்துச் சொல்ல வேண்டும் என்கிறது, அவளுக்குத் தடை இல்லை. என்சி16 என்றால் பதினாறு ஆகாத அவளை உள்ளே விடமாட்டார்கள், உங்களுக்கு வேலை மிச்சம். ஆனால் தணிக்கைக் குறி ஆடையையும் ரத்தத்தையும் வசையையும் அளக்கும், பேராசையை அளக்காது. கூடவே போங்கள். திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் பேசுங்கள். உபதேசம் செய்யாமல், 'உனக்கு யாரைப் பிடித்தது?' என்று மட்டும் கேளுங்கள்.

புக்கிட் பாத்தோக்: கியூஆர் குறியீட்டில் 666 உண்டா?

இல்லை. பிடோக்குக்கு எழுதியதைப் பாருங்கள்.

பொங்கோல்: அங்கிள், ஜனவரியில் சபையில் பொங்கல் வைக்கலாம் என்று இளையர் கூட்டத்தில் பேச்சு. வேட்டி, கரும்பு, பானை எல்லாம். பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இது தமிழர் விழாவா, இந்து விழாவா?

அறுவடைக்கு நன்றி சொல்லும் விழா. இங்கே எந்த வயலை அறுத்தோம் என்று கேட்காதே, ஃபேர்பிரைஸ் கடையின் அரிசி மூட்டையும் எங்கோ விளைந்ததுதான். கத்தோலிக்கர்கள் ஆலயத்திலேயே பொங்கல் வைக்கிறார்கள். நம் பக்கத்தில்தான் தயக்கம். தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரை எடுத்துக்கொள். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் சரபோஜி மன்னரோடு படித்தவர். குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்லும் நாடகத்தை எடுத்து, அதில் கிறிஸ்துவைத் தலைவனாக வைத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். குறி சொல்வது வேதத்தில் விலக்கப்பட்டது, ஆனாலும் அந்த நாடக வடிவத்தை அவர் எடுத்துக்கொண்டார். கலாசாரத்தில் அழகும் நன்மையும் உண்டு, பாவக் கறையும் உண்டு என்பது லோசான் உடன்படிக்கையின் சாரம். நற்செய்தியோடு அந்நியக் கலாசாரத்தையும் ஏற்றுமதி செய்துவிட்டோம் என்றும் அதில் ஒத்துக்கொள்கிறார்கள். வையுங்கள் பொங்கலை.

தெம்பனிஸ்: ஐயா, இதை விடமாட்டேன். நான் இருபத்தாறு வயதில் விசுவாசத்துக்கு வந்தவள். எங்கள் வீட்டில் ஐந்தாவது மாடித் தாழ்வாரத்தில் அடுப்பு வைத்து, பால் பொங்கியதும் அப்பா கிழக்கே பார்த்துக் கற்பூரம் காட்டுவார். நீங்கள் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர், உங்களுக்கு அது கரும்பு. எனக்கு அது நான் விட்டுவந்த சாமி.

ஈசூன்: அக்கா, அப்படிப் பார்த்தால் தாலி? மல்லிகைப் பூ? கிறிஸ்துமஸ் மரம் மட்டும் பரலோகத்திலிருந்தா இறங்கியது?

தெம்பனிஸ்: தம்பி, மரத்துக்கு முன்னால் எங்கள் அப்பா விழுந்து கும்பிட்டதில்லை. ஐயா சொல்கிற சாஸ்திரியாரும் அரசர் கேட்டபோது பிள்ளையார் துதி பாடமாட்டேன் என்றார் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

விட்டுவிட்டேன், உண்மைதான். வசதியான பாதியை மட்டும் எடுத்தேன். மற்றவர் செய்தால் நான் சிவப்பு மையில் வட்டம் போடுவேன். எடுத்துக்கொண்டதும் அவர்தான், மறுத்ததும் அவர்தான். எது எங்கே என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1 கொரிந்தியர் 8இல் பவுல் சொல்வதும் இதுதான்: விக்கிரகம் ஒன்றுமில்லை என்று அறிந்தவன், பலவீனமான மனச்சாட்சி உள்ளவருக்காக விட்டுக்கொடுக்கட்டும்.

தெம்பனிஸ்: பலவீனமா? அந்த வீட்டிலிருந்து வெளியே வர எவ்வளவு பலம் வேண்டியிருந்தது தெரியுமா ஐயா? நாலு வருடம் அம்மா என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

இதற்குப் பதில் எழுதக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கிறேன். அதற்குள் மற்றவை.

கிளமெண்டி: 377ஏ போய்விட்டது. இனிச் சபை என்ன செய்யும்?

ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு அது. அதை நீக்கும் மசோதாவை நாடாளுமன்றம் 2022 நவம்பர் 29இல் நிறைவேற்றியது, 2023 ஜனவரி 3 முதல் அந்தப் பிரிவு இல்லை. கூடவே, திருமணம் என்றால் என்ன என்ற சட்ட விளக்கத்தை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி அரசமைப்பில் 156ஆம் பிரிவைச் சேர்த்தார்கள். திருமணம் பற்றி நம் போதனை தண்டனைச் சட்டத்தின் மேல் கட்டப்பட்டதில்லை, அதனால் அது விழவும் இல்லை. என் கவலை வேறு: சட்டம் இருந்தபோது நாம் பேசியது சட்டத்தைப் பற்றி, அந்தப் பிள்ளைகளோடு ஒருநாளும் பேசவில்லை. உங்கள் இரண்டாவது கேள்வியை இங்கே போடவில்லை. நாளை கூப்பிடுங்கள், காப்பிக் கடையில் பேசுவோம். மகனையும் கூட்டி வரலாம், திட்டமாட்டேன்.

சுவா சூ காங்: நம் விசுவாசத்தைக் கேலி செய்யும் படத்தைத் தடை செய்யச் சொல்லி மனுப் போடலாமா?

போடலாம், உரிமை உண்டு. 2006இல் டாவின்சி கோட் படத்துக்குத் தேசிய தேவாலயங்கள் மன்றம் தடை கேட்டது. தணிக்கையில் என்சி16 கொடுத்து விட்டுவிட்டார்கள். 2019 மார்ச்சில் ஒரு சுவீடன் இசைக்குழுவின் நிகழ்ச்சியைத் தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போது ரத்து செய்தார்கள், கிறிஸ்தவர்களின் கவலையைக் காரணம் காட்டினார்கள். 2020 கணக்கெடுப்பில் நாம் 18.9 விழுக்காடு. கேட்டால் காதில் விழும் அளவு. அதனால்தான் அடிக்கடி கேட்கக் கூடாது என்கிறேன். நம் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிவது மனுவைவிடக் கஷ்டம்.

ஹவ்காங்: அரசாங்க மின்னடையாளமான சிங்பாஸின் முகச்சரிபார்ப்பு மிருகத்தின் முத்திரையா?

இல்லை, இல்லை, இல்லை.

உட்லண்ட்ஸ்: தமிழ்நாட்டிலிருந்து எழுப்புதல் பிரசங்கியார் ஒருவரை மூன்று நாள் அழைக்கிறோம். விசிட் பாஸில் வந்தால் போதும்தானே?

போதாது. மனிதவள அமைச்சில் பலதரப்பட்ட வேலை அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். முன்பே விண்ணப்பியுங்கள். அவருடைய பழைய காணொளிகளையும் பாருங்கள், அதிகாரிகளும் பார்ப்பார்கள். 2017இல் இஸ்லாத்தை இழிவாகப் பேசிய இரண்டு வெளிநாட்டுக் கிறிஸ்தவப் பிரசங்கிகளுக்கு உள்துறை அமைச்சு அனுமதி மறுத்தது. 2018இல் வந்துபோன அமெரிக்கர் ஒருவர் பேசிய பேச்சுக்கு, அழைத்த சபையின் போதகர் முஸ்லிம் தலைவர்களைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். பேசியவர் விமானம் ஏறிவிடுவார். பக்கத்து வீட்டு மக்சிக்கின், அந்த மலாய் அம்மாவின், முகத்தில் முழிக்க வேண்டியவர்கள் நாம்.

பாசிர் ரிஸ்: சபையில் இஸ்ரேல் கொடி வைக்கலாமா? இது கடைசிக் காலமா?

முதலாவதற்கு: நான் வைக்கமாட்டேன். இரண்டாவதற்கு: போதகர்.

ஜூரோங் வெஸ்ட்: ஐயா, 666 பற்றி ஒரு முக்கியமான…

படிக்காமலே அழித்துவிட்டேன், மன்னிக்கவும். பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையில் 'வந்ததை அப்படியே அனுப்பினேன்' என்று விதிவிலக்கு இல்லை.

தெம்பனிஸ் சகோதரிக்கு: 'பலவீனமான' என்று நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். வசனம் சரி, அதை உங்கள் மேல் போட்டது தப்பு. எனக்கு யாரும் தண்ணீர் மறுத்ததில்லை. பொங்கோல் தம்பி, முதலில் எழுதியதைத் திருத்துகிறேன்: அக்காவைக் கேட்காமல் பானையை எடுக்காதே. உங்கள் கூட்டத்தில் அவரைப் போல இன்னும் நாலு பேர் இருப்பார்கள், வாய் திறக்காமல்.

தெம்பனிஸ்: நான் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை ஐயா. முற்றத்தில் பானை வைத்துச் சுற்றி நின்று குரல் கொடுப்பதுதான் எனக்கு முடியாது. சர்க்கரைப் பொங்கல் நானே வைத்துக் கொண்டுவருகிறேன், குக்கரில்.

பொங்கோல்: நூற்று இருபது பேர் அக்கா.

தெம்பனிஸ்: அப்படியானால் நாலு குக்கர் கொண்டு வாருங்கள். முந்திரி ஐயா செலவு.

சரி.

ஈசூன்: குக்கர் விசில் அடிக்கும்போது 'பொங்கலோ பொங்கல்' சொல்லலாமா அக்கா?

தம்பி, பத்தரை ஆகிவிட்டது, போய்ப் படு.