தா, தா என்று கத்தும் கல்லறை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது அதிபரான ஜான் ஆடம்ஸுக்கு அவர் மனைவி அபிகெய்ல் எழுதிய கடிதங்களைப் படித்துவருகிறேன். இது பைபிள் வரி, இது கவிதை வரி என்பதெல்லாம் அடிக்குறிப்பைப் பார்த்துத்தான் தெரிகிறது. மேற்கோள் குறிகூட இருப்பதில்லை. அடிக்குறிப்பு இல்லாத பதிப்பில் எப்படிக் கண்டுபிடிப்பது?

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

படிக்கும்போது எங்கே இடறுகிறதோ அங்கே நில்லுங்கள். 1775 நவம்பர் 27 கடிதத்தில் அபிகெய்ல் சொல்கிறார்: அதிகாரம் பலரிடம் இருந்தாலும் சிலரிடம் இருந்தாலும் பறிக்கவே பார்க்கும், கல்லறையைப் போல ‘தா, தா’ என்று கத்தும். கல்லறை எதற்குக் கத்த வேண்டும்? பைபிளில் நீதிமொழிகள் 30ஆம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். 15ஆம் வசனத்தில் ‘தா, தா’ என்பது இரத்தம் உறிஞ்சும் அட்டையின் இரண்டு குமாரத்திகள். போதும் என்று சொல்லாதவற்றின் பட்டியலில் கல்லறை வருவது 16இல்தான். நினைவிலிருந்து எழுதும்போது இரண்டும் கலந்துவிட்டன. முழு வாக்கியத்தையும் போட்டுத் தேடினால் எதுவும் அகப்படாததற்குக் காரணம் இதுதான். இரண்டு மூன்று சொற்களாகத் தேடுங்கள். நம் தமிழ் பைபிளிலும் தேட வேண்டாம், அங்கே ‘பாதாளம்’ என்றிருக்கும். அவர் சொற்கள் 1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிளான ஜேம்ஸ் மன்னர் பதிப்பின் சொற்கள்.

நடை மாறுவது இன்னொரு அடையாளம். அமெரிக்க விடுதலைப் போரின் பங்கர் ஹில் சண்டைக்கு மறுநாள், 1775 ஜூன் 18 அன்று எழுதிய கடிதத்தில், அவருடைய அன்றாட ஆங்கிலத்தில் இல்லாத பழைய சொல்வடிவங்கள் திடீரென்று வருகின்றன. பிரசங்கி 9:11, சங்கீதம் 68:35, சங்கீதம் 62:8 மூன்றும் அங்கே ஒட்டுத் தெரியாமல் தைக்கப்பட்டிருக்கின்றன. முதல் வசனம் கிடைத்ததுமே தேடுவதை விட்டுவிட்டால் மற்ற இரண்டும் தப்பிவிடும்.

அதே கடிதத்தின் தொடக்கம்தான் கடினம். ‘அமெரிக்காவின் விதியைத் தீர்மானிக்கும் நாள்’ வந்துவிட்டது என்கிறார். இதில் பழஞ்சொல் எதுவும் இல்லை. ஆனால் ஆங்கில எழுத்தாளர் ஜோசப் அடிசனின் ‘கேட்டோ’ நாடகம் (1713), கேட்டோவின் விதியையும் ரோமின் விதியையும் சுமந்து வரும் ஒரு நாளோடு தொடங்குகிறது. இப்படி ஐயம் வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். மூலம் கடிதத்துக்கு முந்தையதா? எழுதியவர் கைக்கு எட்டியதா? பெறுபவருக்குப் புரிந்திருக்குமா? ‘கேட்டோ’ மூன்றிலும் தேறும். வாஷிங்டனே 1758இல் ஒரு கடிதத்தில் அதன் பாத்திரங்களை வைத்துத் தன் மனதைப் பூடகமாகச் சொன்னார். ஆனாலும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகாததால், நான் இதற்கு ‘மேற்கோள்’ என்று குறிப்பு எழுத மாட்டேன், ‘ஒப்பிடுக’ என்றே எழுதுவேன்.

இடறாமல் போகும் வரிகளும் உண்டு. 1776 மார்ச் 31 கடிதத்தில் உள்ள ‘முடிந்தால் ஆண்கள் எல்லாரும் கொடுங்கோலர்களாவார்கள்’ என்பதை இன்றும் பலர் அபிகெய்லின் சொந்த வரியாகவே எடுத்தாள்கிறார்கள். அது ‘ராபின்சன் குரூசோ’ எழுதிய டேனியல் டீஃபோவின் செய்யுள் வரி. டீஃபோ ‘மனிதர்’ என்ற பொருளில் எழுதிய அதே ஆங்கிலச் சொல்லை (men) அபிகெய்ல் ‘ஆண்கள்’ ஆக்கி, கணவர்கள் கையில் வரம்பில்லாத அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள் என்று தன் கணவரிடமே வாதாடுகிறார்.