பெண்கள் பள்ளியா? முதலில் மைதானத்தைப் பாருங்கள்

கேள்வி: முக்கூடல் பக்கம் இருக்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து பெண்கள் பள்ளியில் சேர்க்கலாமா? படிப்போடு விளையாட்டு, உடல்நலம் எல்லாம் சேர்ந்து கிடைக்குமா?

தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் பெண்கள் பள்ளி என்ற பெயருக்காக மட்டும் சேர்க்க வேண்டாம். நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடுதான் என் நாள் போகிறது.

மதிப்பெண்ணை முதலில் சொல்லிவிடுகிறேன். 21 நாடுகளில் நடந்த 184 ஆய்வுகளை, ஏறக்குறைய 16 லட்சம் மாணவர்களின் விவரங்களை ஒன்றாகத் தொகுத்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. குடும்ப வசதி போன்றவற்றையும் கணக்கில் எடுத்துப் பார்த்தால், ஆண், பெண் தனித்தனியாகப் படிப்பதால் படிப்பில் சொல்லும்படியான லாபம் இல்லை என்பதுதான் அதன் முடிவு. 1895-இலேயே சாரா டக்கர் கல்லூரி வந்த ஊர் பாளையங்கோட்டை. பெண்பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்றாலே இங்கே பெற்றோருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையோடு இந்த முடிவையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பெண்கள் பள்ளியால் என்ன லாபம்? என்னைக் கேட்டால், மைதானம். இருபாலர் பள்ளிகள் பலவற்றில் பி.டி. பீரியடில் பையன்கள் மட்டையோடு நடுவில் இறங்கிவிடுவார்கள். பெண்பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். பெண்கள் பள்ளியில் முழு மைதானமும் அவர்களுக்குத்தான். கபடியில் மண்ணில் விழுந்து புரண்டாலும் யாரும் வேடிக்கை பார்க்கிறார்களே என்ற கூச்சம் இல்லை.

இந்த வயதில் இது ஏன் முக்கியம் என்றால், பிள்ளைகள் ஓட்டத்தை நிறுத்துவது ஏழாம் வகுப்பில்தான். ஆறாம் வகுப்பில் கோ-கோவில் பறந்து பறந்து ஆடியவள் சடங்கு முடிந்து திரும்பி வருவாள். வீட்டில் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் கொடுத்து நன்றாகத்தான் கவனித்திருப்பார்கள். கூடவே, "ஏளா, பெரிய மனுசியாயிட்ட, இனி என்ன ஓட்டம்?" என்று ஆச்சி சொல்லியும் அனுப்பியிருப்பார். அதற்குப் பிறகு அவள் கோட்டுக்கு வெளியே நின்று துப்பட்டாவின் ஊசியைச் சரிபார்த்துக்கொண்டே இருப்பாள். இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. 11 முதல் 17 வயது வரையுள்ள பெண்களில் 85 சதவீதம் பேருக்குத் தேவையான உடலுழைப்பு இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2019-இல் சொன்னது. ஆண்பிள்ளைகளில் அது 78 சதவீதம். ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறார்கள். உங்கள் பக்கத்தில் அம்மா மடியில் சொளவை (முறத்தை) வைத்துக்கொண்டு பீடி சுற்றும் வீடுகள் நிறைய. பள்ளி விட்டு வந்ததும் பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பள்ளியில் ஓடினால்தான் ஓட்டம்.

உடல்நலத்துக்கு யோகா வகுப்பு, ஆலோசகர் என்று சேர்க்கைத் தாளில் அழகாகப் போட்டிருப்பார்கள். இருந்தால் நல்லதுதான். நான் முதலில் பார்ப்பது கழிப்பறையை. பி.டி. பீரியட் வந்தாலே வயிற்று வலி என்று ஒதுங்கும் ஒரு பிள்ளையிடம் மெதுவாக விசாரித்தேன். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லையாம். காரணம், கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் போட்டோம். வாளியும் குவளையும், நாப்கின் போட மூடியுள்ள தொட்டியும் வைத்தோம். அந்த மாதமே அவளோடு சேர்த்து இன்னும் சிலர் விளையாட இறங்கினார்கள். மாதவிலக்கு நாளில் விளையாடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. வலி இருந்தால் உட்காரட்டும், இல்லையென்றால் ஓடட்டும். அதை அவளே சொல்லும்படி பள்ளி இருக்க வேண்டும்.

அடுத்தது ரத்தசோகை. இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. உங்கள் மகள் அந்த வயதுக்கு இன்னும் வரவில்லை, ஆனால் அதற்கான வழி இப்போதே தொடங்கிவிடுகிறது. இரண்டு சுற்று ஓடியதும் முகம் வெளுத்து உட்காரும் பிள்ளைதான் கணக்கு வகுப்பில் தூங்கி விழுகிறாள். அவளைச் சோம்பேறி என்று திட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்காது. அரசுப் பள்ளியாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்பில் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் அதிகம். வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். அப்புறம் ஜன்னல் வழியாக எறிந்துவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆசிரியை கண்ணெதிரே போட வைக்கிறார்களா என்று கேளுங்கள். மாத்திரை போட்டவுடன் டீ குடிக்கக் கூடாது. ஒரு நெல்லிக்காய் கடித்தால் சத்து நன்றாகச் சேரும். வீட்டில் கறி எடுப்பவர்கள் சுவரொட்டியை (ஆட்டு மண்ணீரலை) அவளுக்கென்று எடுத்து வையுங்கள்.

நேரம் இன்னொரு விஷயம். பயிற்சியைப் பள்ளி விட்ட பிறகு வைத்தால் பேருந்துப் பிள்ளைகள் கழன்றுவிடுவார்கள். முக்கூடலிலிருந்து வருகிறவள் திருநெல்வேலி ஜங்ஷனில் பேருந்து மாறி, இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும். விளையாட்டு பள்ளி நேரத்துக்குள்ளேயே இருந்தால்தான் உங்கள் மகளுக்கும் கிடைக்கும். கால அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பரீட்சை நெருங்கும் பிப்ரவரி, மார்ச்சில் பி.டி. பீரியட் கணக்கு டீச்சர் கைக்குப் போய்விடுகிறதா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் விசாரியுங்கள். அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள்.

தூரமும் பாருங்கள். பெயர் பெற்ற பள்ளிக்காகத் தினமும் மூன்று மணி நேரம் பேருந்தில் நின்று வந்தால் விளையாடத் தெம்பு இருக்காது. முக்கூடலுக்குப் பக்கத்திலேயே மைதானமும், பெண் உடற்கல்வி ஆசிரியையும், தாழ்ப்பாள் போட்ட கழிப்பறையும் உள்ள இருபாலர் பள்ளி இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன். சேர்க்கைக்குப் போகும்போது மகளையும் அழைத்துப் போங்கள். நீங்கள் தலைமையாசிரியரிடம் பேசி முடிப்பதற்குள் அவள் ஒரு சுற்றுச் சுற்றி, கழிப்பறை வரை பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.