ஒப்ளைஜ் என்றால் கட்டாயமா, உதவியா?

'ஒப்ளைஜ்' என்ற ஆங்கில வினைக்கு அகராதியில் "கட்டாயப்படுத்து" என்றும் போட்டிருக்கிறது, "உதவி செய்" என்றும் போட்டிருக்கிறது, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், சாதாரண தரப் (ஓ.எல்.) பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். அங்கேயும் இதே சந்தேகம் வரும்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 'ஒப்ளைஜ்ட் டு' என்று வந்து அடுத்து ஒரு வினை வந்தால், செய்தே ஆக வேண்டும் என்று பொருள். "எம்ப்ளாயர்ஸ் ஆர் ஒப்ளைஜ்ட் டு பே ஈ.பி.எஃப்." ஈ.பி.எஃப். என்றால் ஊழியர் சேமலாப நிதி, தோட்டத்தில் இதை விளக்கவே தேவையில்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம் பிடித்து, தொழில் கொடுப்பவர் தன் பங்காக 12 சதவீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். அவர் மனம் வைத்தால் கட்டலாம் என்ற பேச்சே இல்லை. அதே 'டு'வுக்குப் பிறகு ஆள் வந்தால் நன்றி: "ஐ ஆம் ஒப்ளைஜ்ட் டு யூ." ஒருவர் இன்னொருவரை ஒப்ளைஜ் பண்ணினார், அதோடு வாக்கியம் முடிந்தது அல்லது 'வித்' வந்தது என்றால் உதவி: "ஹி ஒப்ளைஜ்ட் அஸ் வித் எ லிஃப்ட்", வழியில் ஏற்றிக்கொண்டு போனார்.

எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். லத்தீனில் 'லிகாரே' என்றால் கட்டுவது. சட்டம் கட்டினால் கட்டாயம். ஒருவர் செய்த உதவி நம்மைக் கட்டினால் நன்றிக்கடன். போர்த்துக்கேயர் நன்றி சொல்லும் 'ஒப்ரிகாடோ'வும் இந்த வேரில் வந்ததுதான். தமிழிலும் 'கடன்' என்ற ஒரே சொல் கடமையையும் குறிக்கிறது, வாங்கிய காசையும் குறிக்கிறது. மலையகத்தில் அந்தக் காசுக் கட்டு எப்படி இருந்தது என்பதற்குப் பழைய 'துண்டு' முறையே சாட்சி. இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுகிறோம் என்று தோட்டம் எழுதித்தரும் சீட்டு அது. 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள்.

இனி கடிதம். எங்கள் பக்கம் இந்தச் சொல் அதிகம் புழங்குவது அதில்தான். லயத்துக் கூரை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக் கூரை) ஒழுகுகிறது, துரைக்கு (தோட்ட மேலாளருக்கு) இங்கிலீசில் ஒரு கடிதாசி எழுதிக் கொடு என்று ஓர் அக்கா கேட்டார். வழக்கம்போலக் கடைசி வரியில் "ஐ வுட் பி மச் ஒப்ளைஜ்ட் இஃப் யூ குட் ரிப்பேர் த ரூஃப்" என்று எழுதினேன்.

"கடைசில என்ன தம்பி எழுதியிருக்க?"

"செஞ்சு குடுத்தா ரொம்ப நன்றியுள்ளவளா இருப்பேன்னு எழுதியிருக்கேன் அக்கா."

"தகரம் மாத்துறது தோட்டத்து வேலைதானே? அதுக்கு நான் எதுக்கு நன்றி சொல்லணும்?"

நல்ல கேள்வி. அக்கா சொன்னதை எழுதுவதென்றால், இதே வினையை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும்: "த எஸ்டேட் இஸ் ஒப்ளைஜ்ட் டு ரிப்பேர் த ரூஃப்." முதல் வாக்கியத்தில் கட்டுப்படுவது அக்கா, இரண்டாவதில் தோட்டம். சலுகை கேட்கிறோமா, உரிமை கேட்கிறோமா என்பதை இந்தச் சின்ன மாற்றமே காட்டிவிடும். அக்கா கடைசியில் இரண்டையுமே போடச் சொன்னார், போட்டேன்.

'ஃபீல் ஒப்ளைஜ்ட்' என்பது இன்னொரு ரகம். அவர்கள் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தார்கள், நாமும் தலையைக் காட்டாமல் இருக்க முடியாது என்கிறோமே, அதுதான். சட்டமும் இல்லை, யாரும் மிரட்டவும் இல்லை.

ஒன்றில் மட்டும் கவனம். நம் நாட்டு அலுவலகக் கடிதங்களில் "மச் ஒப்ளைஜ்ட்" சாதாரணம், ஆனால் நண்பருக்கு அனுப்பும் வாட்ஸ்அப்பில் போட்டால் கச்சேரிக்கு (அரசாங்க அலுவலகத்துக்கு) மனுப் போட்ட மாதிரி இருக்கும். "ஐ வுட் பி ஒப்ளைஜ்ட் இஃப் யூ ஸ்டாப்ட் ஷவுட்டிங்" என்று ஒருவர் சொன்னால் அதில் பணிவு கிடையாது, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறார் என்று அர்த்தம். அமெரிக்கர்கள் கட்டாயம் என்ற பொருளுக்கு 'ஒப்ளிகேட்டட்' என்பார்கள், அதுவும் சரிதான். உச்சரிக்கும்போது முதல் எழுத்தை மெல்ல விட்டு 'ப்ளைஜ்' என்பதை அழுத்துங்கள். 'ஒப்ளிகேஷன்' என்று வந்தால் அழுத்தம் 'கே'யில்.