நாரையும் இருபது டன்னும்

அன்புள்ள ஐயா,

கிரேன் என்றால் நாரை என்று படித்தேன். உண்மையா? எங்கள் சைட்டில் நிற்கும் இருபது டன் கிரேனைப் பார்த்தால் நாரை மாதிரிதான் இருக்கிறது. தமிழிலும் 'நாரை' என்றே அழைத்தால் என்ன? 'டெரிக்' என்று இன்னொரு பளு தூக்கும் பொறியைச் சொல்கிறார்களே, அதுவும் பறவைதானா?

கதிர்

அன்புள்ள கதிர்,

உண்மைதான். கிரேக்கத்தில் 'கெரனோஸ்' என்றால் நாரை. பளு தூக்கும் பொறிக்கும் அதே பெயர். டெரிக் 1600 வாக்கில் லண்டனில் தூக்குப் போட்டவரின் பெயர். அது தூக்குமரத்துக்கு ஆகி, பிறகு பளு தூக்கும் மரத்துக்கும் வந்தது. தமிழ்ப்பெயர் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. பறவையைக் கண்டுகொண்ட உங்கள் கண் வாழ்க.

ஆனால் 'இருபது டன் கிரேன்' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே! எத்தனை மீட்டரில் இருபது டன்? அதைக் கேட்காமல் அந்த எண்ணைச் சொல்லவே கூடாது. அவுட்ரிகர் எனும் பக்கத் தாங்குகால்களை முழுக்க விரித்து, பூம் எனும் நீண்ட கையைக் குறுக்கி நிமிர்த்தி, சுமார் 3 மீட்டர் ஆரத்தில் தூக்கினால்தான் அந்த இருபது. ஆரத்தைச் சுழல்மையத்திலிருந்து கொக்கிவரை அளக்க வேண்டும். பம்பரிலிருந்து அளக்கும் புத்திசாலிகள் இருக்கிறார்கள். 3 மீட்டரில் 20 டன் என்றால், பெருக்கினால் 60 டன்-மீட்டர். 10 மீட்டரில் அதே கணக்கு 6 டன்தான் தரும். பூமின் சொந்த எடையும் வெளியே சாய்வதால் அதுவும் குறையலாம்; எந்த ஆரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்று காட்டும் அட்டவணையான லோடு சார்ட் சொல்வதே முடிவு. ஹூக் பிளாக் (கொக்கித் தொகுதி), ஸ்லிங் (சரக்கைக் கட்டித் தூக்கும் கயிறு), ஷேக்கிள் (இணைப்பு வளையம்) எடையெல்லாம் சார்ட் சொல்லும் எடைக்குள் அடக்கம். சரக்கு தரையை விட்டதும் பூம் வளைந்து ஆரம் கொஞ்சம் கூடும். அதனால் உங்கள் ஆரம் சார்ட்டின் இரண்டு வரிகளுக்கு நடுவே விழுந்தால், அதிக ஆரத்து வரியை எடுங்கள். நடுவே உத்தேசமாக ஓர் எண் போடாதீர்கள்.

ஸ்லிங் கோணமும் அப்படித்தான். இரண்டு கால் ஸ்லிங்கில் 2 டன் தொங்குகிறது, கால்கள் கிடைமட்டத்துக்கு 60 பாகையில் இருந்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 1.15 டன் இழுவிசை. 30 பாகைக்குப் படுத்தால் ஒவ்வொன்றிலும் 2 டன்.

"கவிழ்வதற்கு முன் அவுட்ரிகர் மெல்ல எழும்பும், அப்போது இறக்கிக்கொள்ளலாம்" என்று உங்கள் சைட்டிலும் யாராவது சொல்வார். நம்பாதீர்கள். பல சார்ட்டுகளில் தடித்த கோடு ஒன்று இருக்கும். கோட்டுக்குக் கீழே கவிழும் வரம்பு. மேலே, சிறிய ஆரங்களில், பூமின் பலத்துக்கான வரம்பு. அங்கே அவுட்ரிகர் எழும்பும் என்று காத்திருக்க முடியாது. பூமே முதலில் முறியலாம்.